லைட் போட்டதும் ஹால் வெளியே தெரியுதா? வாசல் ஜன்னலுக்கு எந்தத் திரை சரி?

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் உள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் கதவைத் திறந்தால் நேரே ஹால்தான். கதவை ஒட்டி ஒரு ஜன்னல், அது காரிடாரைப் பார்த்தபடி இருக்கும். எதிர் ஃபிளாட்காரர், டெலிவரி கொடுக்க வருபவர், லிஃப்டுக்குக் காத்திருப்பவர் என யார் கடந்து போனாலும், சோபாவில் யார் படுத்திருக்கிறார், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வரை தெரிந்துவிடும்.

பழைய வீடுகளில் தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே திண்ணையும் ரேழியும் இருந்தன. வருகிறவர் எதுவரை வரலாம் என்பதை அந்த இடமே சொல்லிவிடும். அரை கிரவுண்ட் வீட்டிலும் டபுள் பெட்ரூம் ஃபிளாட்டிலும் ரேழிக்கு ஏது இடம்? அந்த வேலையை இப்போது ஒரு திரைதான் செய்தாக வேண்டும். கலர், டிசைன் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பகலில் மறைப்பது இரவிலும் மறைக்குமா?

பெரும்பாலும் மறைக்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான். மெல்லிய நெட் துணியோ, கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஃபிலிமோ, எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம் என்பதை வைத்துத்தான் வேலை செய்யும். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் உள்ளே இருப்பது தெரியாது. மாலையில் ஹாலில் டியூப் லைட் போட்டதும் நிலைமை தலைகீழ். வெளியே நிற்பவருக்கு உள்ளே நன்றாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், வெளியே யார் நிற்கிறார் என்பது தெரியாது.

காரிடார் ஜன்னல் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். காரிடாரில் பகலிலேயே வெளிச்சம் குறைவு. அதனால் 'ஒன்வே' என்று சொல்லி விற்கும் ஃபிலிம் அங்கே பகலிலும் முழுப் பலன் தராது.

ஃபிராஸ்டட் ஃபிலிம் ஒட்டினால் போதுமா?

பால் கலரில் இருக்கும் இந்த ஃபிலிமும், பாத்ரூம் வென்டிலேட்டரில் போடும் பின்ஹெட் கிளாஸும் வெளிச்சத்தை விடும், உருவத்தைக் கலைத்துவிடும். இரவில் கண்ணாடிக்கு மிக அருகில் நின்றால் மட்டும் நிழல் தெரியும். ஆனால் ஒரு குறை உண்டு. ஜன்னல் மூடியிருந்தால்தான் இதனால் பயன். நம்ம ஊர் வெக்கையில் ஸ்லைடிங் ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு யார் உட்காருவார்கள்? கதவோரம் இருக்கும் திறக்க முடியாத கண்ணாடிக்கும் கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டருக்கும் ஃபிலிம் சரியான தேர்வு. காற்றுக்காகத் திறக்கும் ஜன்னலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

காற்றும் வேண்டும், மறைவும் வேண்டும் என்றால்?

ஸ்பிரிங் கம்பியில் ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் மாட்டும் அரை ஸ்கிரீன் ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழைய ஐடியா இன்றைக்கும் பொருந்தும். நடந்து போகிறவரின் கண் உயரத்தை அது மறைத்துவிடும். மேல் பாதி வழியாகக் காற்றும் வெளிச்சமும் வரும். கொசு வலை ஏற்கெனவே இருந்தால் அதற்கு உள்பக்கம் மாட்டலாம். வலை மட்டும் மறைப்பு ஆகாது, இரவில் அதன் வழியாக எல்லாம் தெரியும்.

எவ்வளவு உயரம் வரை மறைக்க வேண்டும் என்பதை வீட்டுக்குள் நின்று அளக்காதீர்கள். புறநகர்த் தெருக்கள் பலவற்றில் ரோடு போடப் போட உயர்ந்து, பழைய வீடுகளின் தரை ரோட்டை விடத் தாழ்ந்துவிட்டது. அங்கே தெருவில் போகிறவரின் கண் உங்கள் ஜன்னலின் மேல் பாதிக்கு வந்துவிடும். எதிர்வீட்டு மாடியோ மேம்பாலமோ அருகில் இருந்தாலும் பார்வை மேலிருந்து வரும். இந்த மாதிரி இடங்களில் அரை ஸ்கிரீன் பத்தாது, முழு ஸ்கிரீனோ பிளைண்டோ தேவை.

பிளைண்டா, ஸ்கிரீனா?

பட்டை பட்டையாக இருக்கும் வெனிஷியன் பிளைண்டைச் சாய்த்து வைத்தால் பார்வையைத் தடுத்துக்கொண்டே காற்றை விடும். ஆனால் ரோட்டோர வீடுகளில் ஒவ்வொரு பட்டையாகத் தூசி துடைக்க வேண்டியிருக்கும். ரோலர் பிளைண்ட் இறக்கினால் முழுசாக மறைக்கும், காற்றும் நின்றுவிடும். மூங்கில் தட்டி வெயிலுக்கு நல்லது; இரவில் இடுக்கு வழியாக உள்ளே தெரியும், எனவே பின்னால் ஒரு துணி வேண்டும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தொங்கும் கயிறு உள்ள பிளைண்டைத் தவிர்த்துவிடுங்கள். கழுத்தில் சுற்றி உயிரே போகும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் ரெடிமேடாக விற்கும் பிளைண்டுகளில் கயிறே இருக்கக் கூடாது, அல்லது குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்ற தரநிலை 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

துணி ஸ்கிரீன் வாங்கினால் ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். 4 அடி ஜன்னலுக்கு 4 அடி அகலத்தில் 2 ஸ்கிரீன். கம்பி இரண்டு பக்கமும் 4 முதல் 6 அங்குலம் வெளியே நீண்டால் ஓர இடுக்கு தெரியாது. இரும்பு கேட்டை மட்டும் பூட்டிவிட்டு மெயின் கதவைத் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால், கதவுக்கு 7 அடி ஸ்கிரீன் தனியாக வாங்க வேண்டும். காரிடார் பக்கம் எதையாவது மாட்டுவதாக இருந்தால் முதலில் அசோசியேஷனிடம் கேட்டுவிடுங்கள், அது எல்லோருக்கும் பொதுவான இடம்.

'அவர் ஜன்னலை மூடச் சொல்ல முடியாதா?'

எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஜன்னல் வைத்து, அது நேரே உங்கள் ஹாலைப் பார்த்தால் சட்டம் உதவுமா? 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 18-வது பிரிவு இதைத் தொடுகிறது. அண்டை வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புது ஜன்னல் வைக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால், அது உரிமையாகும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். நேற்று வந்த லேஅவுட்டில் அது எளிதல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. பக்கத்து வீட்டு ஜன்னலை மூடவைக்க அது நேரடி வழி அல்ல.

அதற்காக யாரும் எட்டிப் பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கமான செயலை மறைந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

இரவு 7 மணிக்கு மேல் ஹாலில் எல்லா லைட்டையும் போடுங்கள். வீட்டில் ஒருவர் வழக்கம்போல சோபாவில் உட்காரட்டும். இன்னொருவர் வெளியே போய் காரிடாரிலும் தெருவிலும் நின்று பார்க்கட்டும். எந்த உயரத்தில், எந்த இடுக்கில் தெரிகிறது என்று குறித்துக்கொண்டால், எவ்வளவு துணி வேண்டும் என்ற கணக்கு கிடைத்துவிடும். கடையில் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்து, நடுவில் கையை வைத்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால், அந்தத் துணி வாசல் ஜன்னலுக்கு ஆகாது.