மர மவுஸும் மளிகைப் பட்டியலும்

1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. கணினி மாநாட்டு மேடையில் ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் மளிகைப் பட்டியல் ஒன்றைத் திரையில் தட்டி, வகைவகையாகப் பிரித்து அடுக்குகிறார். அடுத்து, வீடு திரும்பும் வழியின் வரைபடம் வருகிறது. அதில் ஓர் இடத்தைச் சுட்டினால், அங்கே முடிக்க வேண்டிய வேலைகள் விரிகின்றன. சுட்டிய இடத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும் இணைப்பு அது. அன்று காட்டியவற்றுள் மவுஸைவிடப் பெரிய செய்தி இதுவே என்போம்.

கணினி அரங்கில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. படங்கள் மைக்ரோவேவ் வழியே வந்தன. செய்விளக்கம் 90 நிமிடம் நீடித்தது.

இணைப்பு என்ற எண்ணத்தின் வேர் 1945-இல் இருக்கிறது. ஆவணங்களைத் தொடர்புபடுத்தும் ‘மெமெக்ஸ்’ என்ற கற்பனைக் கருவி பற்றி வானெவர் புஷ் எழுதிய கட்டுரையை, பிலிப்பைன்ஸில் கடற்படைப் பணியிலிருந்த இளைஞர் எங்கல்பார்ட் படித்தார். இப்படி இணைக்கப்பட்ட எழுத்துக்கு ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்ற பெயரை 1965-இல் தந்தவர் டெட் நெல்சன்.

இந்தக் காட்சிப் பெட்டியில் உள்ளது, எங்கல்பார்ட்டின் சக பொறியாளர் பில் இங்கிலிஷ் 1964-இல் செய்த முதல் மவுஸின் மாதிரி. மரக்கட்டை, ஒரே பொத்தான். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரு சக்கரங்கள்: ஒன்று இடம்-வலம், மற்றது மேல்-கீழ் நகர்வை அளக்கும். மேடையில் இருந்த மவுஸுக்கு மூன்று பொத்தான்கள்.