பனிமலைக்குப் பிள்ளைகளோடு ஒரு பயணம்: தெரிந்து செல்வோம், தெளிந்து எழுதுவோம்



‘நான் மேற்கொண்ட ஒரு குளிர்காலப் பயணம்’ என்று வகுப்பில் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வந்து சேரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். பஞ்சுபோல் பனி பெய்தது, வெள்ளிக் கம்பளம் விரித்தது, மனம் துள்ளியது, பெற்றோருக்கு நன்றி கூறினேன். அவ்வளவுதான். பனியைப் பார்க்காத பிள்ளைகள் வேறு என்ன எழுதுவார்கள் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால், பார்க்காத ஒன்றைப் பற்றியும் காரண காரியம் தெரிந்தால் நன்றாக எழுதலாம். இந்தக் கட்டுரையின் முதல் நோக்கம் அதுதான்.

இரண்டாவது நோக்கமும் உண்டு. ஜூன் பள்ளி விடுமுறையில் நம் நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய், மகிழுந்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பனிமலை ஏறுகின்றன. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். “நம்ம ஊரு மாதிரிதானே!” என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. பனிச்சாலை நம்ம ஊர்ச் சாலை இல்லை. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, மெல்பர்ன் நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சென்றடையும் மவுண்ட் புல்லர் மலையை எடுத்துக்கொள்வோம்.

கெந்திங்கில் ஏன் பனி பெய்வதில்லை?

மவுண்ட் புல்லரின் உச்சி 1,805 மீட்டர். நம் கெந்திங் மலையும் கிட்டத்தட்ட 1,800 மீட்டர்தான். உயரம் ஒன்றாக இருக்க, அங்கே பனிச்சறுக்கு, இங்கே வெறும் பனிமூட்டம். ஏன்?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். கடல் மட்டத்தில் 32 பாகை என்றால் கெந்திங்கில் ஏறத்தாழ 20 பாகை. சட்டை போதாது, ஒரு குளிராடை வேண்டும். அதற்குமேல் ஒன்றுமில்லை. மெல்பர்ன் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் இருக்கிறது. ஜூலை மாதப் பகலிலேயே அங்கு 14 பாகைதான். அதிலிருந்து அதே 12 பாகையைக் கழித்துப் பாருங்கள்: 2 பாகை. இரவில் அது சுழியத்துக்கும் கீழே போகும், மழைக்குப் பதில் பனி பெய்யும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூன் என்றதும் ‘கோடைக்காலம்’ என்று எழுதிவிடக் கூடாது. பூமியின் தென்பாதியில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள்தாம் குளிர்காலம். மவுண்ட் புல்லரில் பனிப்பருவம் ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நீடிக்கும். பருவத்தின் தொடக்கத்தில் இயற்கைப் பனி குறைவாக இருக்கலாம். இயந்திரத்தால் செய்த பனியை விரித்திருப்பார்கள். சறுக்கு விளையாட்டுக்கு ஜூலையும் ஆகஸ்டும் கூடுதல் நம்பிக்கையான மாதங்கள்.

‘பனி’ என்றால் எந்தப் பனி?

தமிழில் முன்பனிக்காலம் மார்கழியும் தையும். பின்பனிக்காலம் மாசியும் பங்குனியும். அங்கெல்லாம் ‘பனி’ என்பது புல்நுனியில் நிற்கும் ஈரத்தையும் விடியற்காலை மூட்டத்தையுமே குறிக்கிறது. வானத்திலிருந்து உதிரும் வெள்ளைப் பனிக்கும் நாம் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். ஆகவே, கட்டுரையில் தெளிவு வேண்டுமானால் பிரித்து எழுதுங்கள்.

பனித்துளி: காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து இலையில் நிற்பது. பனிமூட்டம்: பார்வையை மறைப்பது. உறைபனி: தரையிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிவது. வெண்பனி: வானத்திலிருந்து உதிர்வது. பனிக்கட்டி: நீர் உறைந்து இறுகியது.

எழுத்துப் பிழையும் இங்கேதான் வருகிறது. ‘பணி பெய்தது’ என்று எழுதினால் வேலை பெய்ததாகிவிடும்! பணி வேறு, பனி வேறு. ‘பனிச்சறுக்கு’ என்பதற்கு வல்லின ‘று’ வரும். ‘சருக்கம்’ என்பது காப்பியத்தின் ஒரு பகுதி. அதில் யாரும் சறுக்கி விளையாடுவதில்லை.

புறப்படும் முன்

மெல்பர்னிலிருந்து யே, போனி டூன் ஆகிய சிற்றூர்கள் வழியாக மேன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரை அடையலாம். அங்கிருந்து மலைமேல் உள்ள குடியிருப்புக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் மிரிம்பா நுழைவாயில் உண்டு. கடைசி 16 கிலோமீட்டர் முழுக்க வளைவுப் பாதை.

கிளம்பும் நேரம் முக்கியம். ஜூன் மாதத்தில் அங்கே காலை ஏழரை மணிக்குத்தான் விடியும். மாலை 5 மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். இருட்டிய பிறகு இரண்டு ஆபத்துகள்: கங்காருவும் வொம்பட்டும் சாலைக்கு வரும், பகலில் உருகிய நீர் மீண்டும் உறையும். ஆகவே, பிள்ளைகளுக்கான நிறுத்தங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் மலைமேல் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

பனிப்பருவத்தில் சாதாரண மகிழுந்து மலை ஏறும்போது சக்கரச் சங்கிலி எடுத்துச் செல்வது கட்டாயம். மேன்ஸ்ஃபீல்டில் வாடகைக்குக் கிடைக்கும். சக்கரத்தின் அளவைச் சொல்லி வாங்க வேண்டும். வாடகை மகிழுந்தைப் பனிப்பகுதிக்குக் கொண்டுபோக ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்பதையும் முன்பே படித்துப் பாருங்கள். டீசல் வண்டி என்றால் மலைக்கு அருகிலேயே எண்ணெய் நிரப்புங்கள். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரளும். அங்கே விற்பது குளிருக்கென்று பதப்படுத்தியது.

சங்கிலி எப்படி உதவுகிறது?

வெறும் சக்கரம் பனிமேல் உருளும்போது இரண்டுக்கும் நடுவே உராய்வு மிகக் குறைவு. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது! சங்கிலியின் கண்ணிகள் பனியைக் கடித்துப் பிடிக்கின்றன, பிடிமானம் கூடுகிறது. இயந்திர விசை எந்தச் சக்கரங்களுக்குப் போகிறதோ அவற்றில்தான் பூட்ட வேண்டும். பெரும்பாலான சிறிய மகிழுந்துகளில் அது முன்சக்கரம். பூட்டிய பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நாங்களும் போனோம். ஒன்றை மட்டும் செய்யவில்லை. சங்கிலிப் பையைத் திறந்து பார்க்கவே இல்லை. அடிவாரத்தைத் தாண்டியதும் ‘சங்கிலி பூட்டுக’ என்ற பலகை. ஓரமாக நிறுத்தி, கொட்டும் ஈரப்பனியில் முக்கால் மணி நேரம் போராடினோம். விரல் மரத்துப் போனது. உள்ளே நான்கு வயது மகள் அழ ஆரம்பித்தாள், ஏழு வயது மகன், “அப்பாவால முடியாதாம்மா?” என்று மெதுவாகக் கேட்டான். வழியில் வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். சங்கிலியை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டிருந்தோம்! அவர் கைக்குப் பத்து நிமிட வேலை. அன்றைக்கு அவர் வராவிட்டால் அந்த வளைவில் இருட்டியிருக்கும்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சங்கிலியை வாங்கிய கடை வாசலிலேயே, காய்ந்த தரையில் ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பாருங்கள். கையுறை, ஒரு டார்ச் விளக்கு, முழங்காலுக்கு அடியில் போட ஒரு நெகிழித் துண்டு மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத பனி

வெள்ளைப் பனியைவிட ஆபத்தானது ‘கரும்பனி’. பெயரில்தான் கருப்பு. உண்மையில் அது கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி. அதனூடே தார்ச்சாலையின் கருப்பு தெரிவதால் வெறும் ஈரம் என்று ஏமாந்துவிடுவோம். மரநிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களிலும் அதிகம். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று வீசுவதால் அது மற்றச் சாலையைவிட முந்தி உறைகிறது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியைப் பலமடங்கு கூட்டுங்கள். திடீர் பிரேக், திடீர்த் திருப்பம் இரண்டும் வேண்டாம். இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள்.

இரவு நிறுத்தும்போது கைப்பிரேக் போடாதீர்கள். அது உறைந்து பிடித்துக்கொள்ளும். தானியங்கி வண்டி என்றால் ‘பி’ நிலை, இல்லையென்றால் கியரில் விட்டால் போதும். கண்ணாடித் துடைப்பான்களைத் தூக்கி வையுங்கள். குடிநீர்ப் புட்டிகளை வண்டியில் விடாதீர்கள்: நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும், புட்டி வெடிக்கும். எங்காவது பனியில் மாட்டிக்கொண்டால், புகைபோக்கியைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். இது உயிர்ப் பிரச்சினை.

பின்னிருக்கை

“குளிருதே” என்று பிள்ளைக்குத் தடித்த பஞ்சுச் சட்டையைப் போட்டு, அதன்மேல் இருக்கைப் பட்டையை மாட்டுவது நாம் செய்யும் பெரிய தவறு. பட்டை இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். மோதலின்போது சட்டையிலுள்ள காற்று அமுங்கிவிடும். பட்டை தளர்ந்து பிள்ளை நழுவக்கூடும். மெல்லிய உடையோடு பட்டையை மாட்டுங்கள். பிறகு சட்டையைப் போர்வைபோல் மேலே போர்த்துங்கள். ஆஸ்திரேலியாவில் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற பாதுகாப்பு இருக்கை கட்டாயம். “மடியில வச்சுக்கறேன்” என்பது அங்கே நடக்காது. எங்கேயும் நடக்கக் கூடாது.

வளைவுப் பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது ஏன்? உள்காது ‘அசைகிறோம்’ என்கிறது. கைப்பேசியைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. மூளை குழம்புகிறது. ஆகவே, மேன்ஸ்ஃபீல்டைத் தாண்டியதும் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைக் காட்டிக் கதை சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

மேன்ஸ்ஃபீல்டில் என் மகன், “பனி எங்கம்மா? வெறும் மழைதான பெய்யுது!” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அந்த ஊர் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். மலைக் குடியிருப்பு ஏறத்தாழ 1,600 மீட்டர். 1,300 மீட்டர் ஏறினால் 8 பாகை குறையும். கீழே 8 பாகையில் மழை என்றால் மேலே சுழியத்தில் வெண்பனி. கணக்கைச் சொன்னதும் சன்னலோரம் மூக்கை ஒட்டிக்கொண்டு, மழை எந்த வளைவில் வெள்ளையாக மாறுகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான். மாறிய இடத்தில் அவன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

மலைமேல்

சிறு பிள்ளைகளின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே, பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழப்பார்கள். ஒரே தடித்த உடையைவிட மூன்று அடுக்கு நல்லது: உடலோடு ஒட்டிய உள்ளாடை, வெப்பம் காக்கும் கம்பளி, நீர் புகாத மேலாடை. பருத்தி உள்ளாடை வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரம் உடல் வெப்பத்தைத் திருடும். கையுறை இரண்டு சோடி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சோடி அரை மணியில் நனைந்துவிடும்.

குளிர்தானே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். புதிதாக விழுந்த வெண்பனி புறஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் கதிர் தாக்கும். முகத்துக்குக் களிம்பும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தேவை.

முதல் நாளே சறுக்குக் கட்டையை மாட்டிவிட அவசரப்படாதீர்கள். உட்கார்ந்து சறுக்கும் பலகையில் விளையாடட்டும், பனி உருட்டட்டும். மறுநாள் தலைக்கவசத்தோடு, பயிற்றுநரிடம் விடுங்கள். பிள்ளை “போதும்பா” என்றால் போதும். கட்டிய பணத்துக்காக நடுங்கும் பிள்ளையை நிற்க வைக்க வேண்டாம்.

மாணவர்களுக்கு

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

“சாலையில் பனி இருந்ததால் பயமாக இருந்தது.”

“மரநிழல் விழுந்த வளைவில் ஈரம்போல் மின்னியது கரும்பனி என்று தெரிந்ததும், அப்பா பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைத்தார்.”

இரண்டாவது வாக்கியத்தில் அணிச்சொல் ஏதுமில்லை. ‘பயம்’ என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் படிப்பவருக்குப் பயம் புரிகிறது. எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்பதும் புரிகிறது. கருத்து விளக்கக் கட்டுரைக்கு ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இதனால்’ ஆகிய சொற்கள் சங்கிலிக் கண்ணிகள் போன்றவை. ஒன்றோடொன்று கோத்தால்தான் பிடிமானம்.

ஆசிரியர்கள் வகுப்பில் மூன்று பயிற்சிகளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒன்று: கெந்திங்கில் ஏன் வெண்பனி பெய்வதில்லை என்பதை ஒரே பத்தியில் விளக்குக. இரண்டு: பனித்துளி, உறைபனி, வெண்பனி ஆகியவற்றின் பொருள் வேறுபாடு விளங்க வாக்கியம் அமைத்திடுக. மூன்று: முதல்முறை பனிமலைக்குச் செல்லும் உறவினருக்கு, பிள்ளைகளின் பாதுகாப்புக் குறித்து ஓர் அறிவுரைக் கடிதம் எழுதுக.

அந்தக் கடிதத்தை உண்மையிலேயே யாராவது படித்துவிட்டு, சங்கிலிப் பையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் புறப்பட்டால், அதற்கு நீங்கள் வாங்கும் மதிப்பெண் தேர்வுத்தாளில் வராது. ஆனால், அதுதான் பெரிய மதிப்பெண்.