பார்க் ஸ்டேஷனில் கொஞ்சம் நில்லுங்கள்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறீர்களா குட்டீஸ்? 1931லேயே தாம்பரம் - கடற்கரை இடையே மின்சார ரயில் ஓடத் துவங்கிவிட்டது தெரியுமா? அடுத்த முறை அங்கே இறங்கினால், அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தி, சாலையின் எதிர்ப்பக்கம் பாருங்கள்.

சிவப்பு நிறத்தில், கடிகாரக் கோபுரத்துடன் நிற்பது சென்ட்ரல் ரயில் நிலையம்; 1873ல் கட்டப்பட்டது. கொஞ்சம் இடது பக்கம் இருக்கும் செங்கல் கட்டடம் விக்டோரியா ஹால். கட்டட வல்லுனர் சிஷோம் வரைந்து கொடுக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்டது இங்கே தான். பம்மல், உங்கள் பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊராச்சே! 1897ல் விவேகானந்தரும் இங்கே பேசியிருக்கிறார்.

அதற்கு அடுத்து, வெள்ளை வெளேர் என நிற்பது ரிப்பன் மாளிகை. 1913ல் திறக்கப்பட்ட மாநகராட்சி அலுவலகம். கோபுரத்தின் உயரம் 43 மீட்டர். தலையில் கட்டும் ரிப்பனுக்கும், இதற்கும் சம்பந்தமில்லை. ரிப்பன் பிரபு என்ற வைஸ்ராயின் பெயர் அது.

சரி, நாலாவது கட்டடம் எங்கே?

விக்டோரியா ஹாலுக்கும், சென்ட்ரலுக்கும் இடையே, 1900ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், பொம்மை, நாணயம், கிளி, முயல்... கேட்டதெல்லாம் கிடைக்கும். ஆனால், பேரம் பேசத் தெரிய வேண்டும். பாதி விலையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தாத்தாக்கள் சொல்வர். 1985 மே 30ல் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழும்பியது.

மற்ற பழைய கட்டடங்களும் இப்படிக் காணாமல் போனால்? 2010ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பட்டியலில் உள்ள பாரம்பரியக் கட்டடங்களை, அதற்கான குழுவின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ, மாற்றவோ கூடாது. கட்டடத்தின் சொந்தக்காரரே ஆனாலும் சரி!

மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைக்காரர்கள், பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டனர். பெயர் மட்டும் இடத்தை விட்டுப் போகவில்லை. கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் புறநகர் ரயில்கள் புறப்படும் நிலையத்துக்கு, ரயில்வேயில் இன்றும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்று தான் பெயர்.