சேலம் டு சென்னை: விமானத்தில் உண்மையில் எவ்வளவு நேரம்?

"சேலத்துல ஏறினா ஒரு மணி நேரத்துல சென்னை!"

சேலம், நாமக்கல் பக்கம் பயணப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார். அது உண்மைதான். ஆனால், அந்த ஒரு மணி நேரம் நம் வீட்டு வாசலில் தொடங்குவதில்லை.

தூரம் எவ்வளவு?

சேலத்திலிருந்து சென்னைக்குச் சாலை வழியே சுமார் 340 கிலோமீட்டர். ஜோலார்பேட்டை வழியாகச் செல்லும் ரயில் பாதையும் ஏறக்குறைய அதே தூரம்தான். வானத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 265 கிலோமீட்டர்.

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருக்கிறது. 1993-ல் திறக்கப்பட்ட இங்கே விமானச் சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. 'உடான்' திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னைச் சேவையும் 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன.

இந்தத் தடத்துக்கு வந்தவை ஏ.டி.ஆர். 72 ரக விமானங்கள். இறக்கையில் காற்றாடி சுழலும், எழுபதுக்கும் மேற்பட்டோர் அமரலாம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம்.

அப்படியானால் 265 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் போதுமே? முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, சென்னையில் வரிசைக்காகக் காத்து இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் உள்ள ஒரு மணி நேரச் சொச்சம்.

வாசல் முதல் வாசல் வரை

நாமக்கல்லில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். கமலாபுரத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரம். பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பிறகு பயணம், இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி நேரம். மீனம்பாக்கம் வாசலுக்கு வரவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

கோவையிலிருந்து வரும் வந்தே பாரத் ரயில் சேலத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சென்ட்ரல் சேர்கிறது. நாமக்கல்லிலிருந்து சேலம் ஜங்ஷன் போகும் நேரத்தைக் கூட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எதில் போகலாம்?

எங்கே போகிறோம் என்பதுதான் விடை. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? அது சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. ரயில்தான் நல்லது. மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ மகனை அனுப்புகிறீர்களா? சேலம் விமானம் நேரே அங்கேயே இறக்கிவிடும். நகரத்தைக் கடக்கும் அலைச்சல் மிச்சம். சேலம் நகரில் இருப்பவர்களுக்கு விமான நிலையம் பக்கம் என்பதால் நேரம் கொஞ்சம் லாபம்.

ஒன்றை மறக்க வேண்டாம். விமான அட்டவணை மாறும். ஒன்று ரத்தானால் அடுத்த விமானத்துக்கு வெகுநேரம் காத்திருக்க நேரலாம். வெளிநாட்டு விமானத்தைப் பிடிப்பவர்கள் கையில் சில மணி நேரம் வைத்துக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம்.