கடைசி முப்பது பந்து

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும். எந்த டீமாக இருந்தாலும் ‘கடைசி ஓவர் ஆள்’ என்று ஒருவர் இருப்பார். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற வேகப்பந்து வீச்சாளர் அவர் இல்லை. பேட்டிங்கிலும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் ஆறு பந்தில் பத்து ரன் என்று வந்துவிட்டால் கேப்டனின் கண் அவரைத்தான் தேடும்.

அமெரிக்கப் பேஸ்பால் இந்த ஆளைத் தனித் தொழிலாகவே ஆக்கிவிட்டது. அங்கே ஆட்டத்தைத் தொடங்குகிற வீச்சாளர் களைத்ததும் ‘ரிலீவர்’கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். களைக்காவிட்டாலும் மாற்றுவதுண்டு. ஒரே பேட்டரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அடி கூடுகிறது என்பதைப் பல ஆண்டுக் கணக்குகளை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள், கண் பழகிவிடுகிறது. அதனால்தான் கடைசிக்கட்ட வீச்சாளர் கூட்டணிகளுக்கு அங்கே தனிப் புகழ். 1990-இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு நார்ம் சார்ல்ட்டன், ராப் டிபிள், ராண்டி மையர்ஸ். அந்த ஆண்டு உலகத் தொடரை நாலுக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். 2014-இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு ஹெரேரா, டேவிஸ், ஹாலண்ட். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸ் என்று ஆளுக்கொன்றாகப் பூட்டிவிடுவார்கள். இதில் எது பெரிய கூட்டணி என்ற வாக்குவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

நம் டி20-இலும் இதே சண்டையைப் போடலாம். போடும் முன் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பேஸ்பாலில் வெளியே போன வீச்சாளர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. ஆனால் காத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். கிரிக்கெட்டில் போனவர் திரும்ப வரலாம். ஆனால் மொத்தமே நான்கு ஓவர்தான். ஆகவே நம் கேப்டனின் வேலை ஆளைச் சேர்த்துவைப்பதல்ல, ஓவரைச் சேர்த்துவைப்பது. நல்லவரை முன்னாலேயே செலவழித்துவிட்டால் கடைசியில் கை பிசைய வேண்டியதுதான்.

இரண்டு இறுதிப் போட்டிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் கேப்டன் ரோஹித் சர்மா.

2019 மே 12, ஹைதராபாத், ஐபிஎல். மும்பைக்கு எதிராகச் சென்னைக்குக் கடைசி ஐந்து ஓவரில் 62 ரன் தேவை. மலிங்கா வீசிய 16-ஆவது ஓவரில் 20. பும்ராவின் 17-ஆவதில் 4. க்ருணால் பாண்டியாவின் 18-ஆவதில் மறுபடி 20. பும்ராவின் 19-ஆவதில் 9; அதில் கீப்பர் தவறவிட்டதால் வந்த நான்கு பை ரன்களும் சேர்த்தி. கடைசி ஓவரில் 9 தேவை. அடிவாங்கிய அதே மலிங்காவிடம்தான் பந்து போனது. 7 ரன்தான் வந்தது. கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. மும்பை ஒரு ரன்னில் ஜெயித்தது. சென்னை ரசிகர்களுக்கு இதை நினைவுபடுத்துவது பாவம்தான், வேறு வழியில்லை.

2024 ஜூன் 29, பார்படாஸ். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன், கையில் ஆறு விக்கெட். பும்ரா 4, ஹார்திக் 4, பும்ரா 2, அர்ஷ்தீப் 4, ஹார்திக் 8. ஐந்து ஓவரில் 22 ரன், நான்கு விக்கெட். இந்தியா ஏழு ரன்னில் உலகக் கோப்பையை எடுத்தது.

ஹைதராபாத் ஆட்டத்தின் ஸ்கோர் கார்டை மட்டும் பார்த்தால் மலிங்காவின் கணக்கு 4 ஓவர், 49 ரன், 1 விக்கெட். தோற்ற அணியின் வீச்சாளர் என்றுதான் நினைப்போம். மேட்சை முடித்துக்கொடுத்த ஆறு பந்து அந்த 49-க்குள் கரைந்துபோயிருக்கிறது. கடைசிக்கட்ட வீச்சை அளப்பதில் உள்ள முதல் சிக்கல் இதுதான்: எத்தனை ரன் கொடுத்தார் என்பதைவிட எந்த நேரத்தில் கொடுத்தார் என்பதே பெரிது.

அப்படியானால் அந்த நேரத்தில் பேட்ஸ்மேனைக் கட்டிப்போடுவது எது? பதில் பாதி கண்ணில் இருக்கிறது, பாதி மூளையில். 140 கிலோமீட்டர் வேகப் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய அரை நொடி. பார்த்து, முடிவெடுத்து, மட்டையை வீச அது போதாது. 2000-இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியட் என்ற இருவர் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைக் கேமராவில் பதிந்து பார்த்தார்கள். கண் பந்தைத் தொடர்ந்து போகவில்லை. கையிலிருந்து பந்து கிளம்பியதைப் பார்த்ததும், அது எங்கே குத்தும் என்று ஊகித்த இடத்துக்குத் தாவி, அங்கே பந்துக்காகக் காத்திருந்தது. தேர்ந்த ஆட்டக்காரருக்கு அந்தத் தாவல் இன்னும் சீக்கிரம்.

யார்க்கர் கெடுப்பது இந்த ஊகத்தைத்தான். பந்து காலடியில் குத்துவதால், குத்தியபின் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது. ஆனால் வீசுபவருக்கும் அது கத்திமேல் நடை. பந்து கைவிடும் கோணம் ஒரே ஒரு டிகிரி பிசகினால், அந்த வேகத்தில், விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் மாறிவிடும். ஒருபக்கம் பிசகினால் ஃபுல் டாஸ், மறுபக்கம் பிசகினால் வாகான அரைக்குத்து. இரண்டுமே சிக்ஸருக்கு ஏற்றவை.

ஸ்லோ பால் கெடுப்பது நேரத்தை. அதே கைவீச்சில் 115 கிலோமீட்டரில் வந்தால் பந்து பத்தில் ஒரு நொடி தாமதிக்கும். அதற்குள் மட்டை கடந்து போயிருக்கும். டுவைன் பிராவோ சேப்பாக்கத்தில் பிழைப்பு நடத்தியது இதை வைத்துத்தான். 2013 ஐபிஎல்லில் 32 விக்கெட்.

தேவனாம்பட்டினத்து மணலில் இந்த வித்தைகள் இன்னும் கூர்மையாகும். டென்னிஸ் பந்தும் கிரிக்கெட் பந்தும் அளவில் கிட்டத்தட்ட ஒன்று. எடையில் அது 58 கிராம், இது 160 கிராம். காற்று இரண்டையும் ஒரேபோலத் தடுத்தாலும் லேசான பந்துதான் சீக்கிரம் வேகம் இழக்கும். கடற்காற்றுக்கு எதிராக வீசினால் கேட்கவே வேண்டாம். தவிர, டென்னிஸ் பந்து வாகாக எழும்பும் என்பதால் குத்திப்போட்டால் அடிதான். தப்பிக்க யார்க்கரை விட்டால் வழியில்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை இந்தப் பந்தில்தான் வீசினார். 2020 ஐபிஎல்லில் ஏபி டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தது அந்தப் பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

இனி அளவுகோலின் இரண்டாவது சிக்கல், காலம். ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றி இறக்க விடும் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி ஐபிஎல்லில் 2023-இல் வந்தது. 2024-இல் சன்ரைசர்ஸ் ஒரே இன்னிங்ஸில் 287 அடித்தது. அங்கே ஓவருக்கு எட்டு ரன் கொடுத்தவரும், 2010-இல் எட்டு கொடுத்தவரும் ஒன்றல்ல. பேஸ்பாலில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள்: அந்தந்த ஆண்டின் சராசரியை 100 என்று வைத்து, அதைவிட எவ்வளவு மேல் என்று கணக்கிடுவார்கள். நம் தொலைக்காட்சித் திரையில் இன்னும் வெறும் எக்கனாமிதான் ஓடுகிறது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு சீசன் முழுவதற்குமான சிறந்த வீச்சாளர் கூட்டணிப் பட்டத்தை நான் 2018 சன்ரைசர்ஸுக்குக் கொடுப்பேன். வான்கடேயில் வெறும் 118 எடுத்துவிட்டு மும்பையை 87-இல் சுருட்டினார்கள். முதன்மை வீச்சாளர் புவனேஷ்வர் குமார் அன்று ஆடவே இல்லை. அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் 132, 151 என்று எடுத்தும் ஜெயித்தார்கள். ரஷீத் கானின் சுழல், சித்தார்த் கவுலின் வேகம், ஷாகிப்பின் இடதுகை என்று ஒருவர் சாயல் இன்னொருவரிடம் இல்லை. இறுதிப் போட்டியில் வாட்சன் 117 அடித்து இவர்களையும் சாய்த்தார் என்பது வேறு கதை.

ஒரே ஒரு நாளுக்கு என்றால் பார்படாஸ்தான். பும்ராவின் விநோதமான கைவீச்சு, அர்ஷ்தீப்பின் இடதுகைக் கோணம், கிளாசனை வீழ்த்திய ஹார்திக்கின் அகலமான ஸ்லோ பால். கண் ஒன்றுக்குப் பழகுமுன் இன்னொன்று வந்தது. ரோஹித் பும்ராவைக் கடைசி ஓவருக்கு ஒளித்துவைக்கவில்லை. ஆபத்து 16-இலும் 18-இலும் இருக்கிறது என்று கண்டு அங்கேயே இறக்கினார். அந்த உலகக் கோப்பையில் பும்ரா எடுத்தது 15 விக்கெட். ஓவருக்குக் கொடுத்தது 4.17 ரன்.