கல்வி ஆலோசகரிடம் எப்போது போவது?

பாடசாலையில் உயர்தரத்துக்கு மூன்று பாடம் தெரிந்துவிட்டால் பரீட்சை வரை பாதை நேரே போகும். பல்கலைக்கழகம் அப்படியல்ல. எந்தப் பாட அலகை எடுப்பது, பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா, தவறிய பரீட்சையை எப்போது எழுதுவது என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு தீர்மானம் காத்திருக்கும். இவற்றில் மாணவருக்கு வழிகாட்ட நியமிக்கப்படும் விரிவுரையாளரே கல்வி ஆலோசகர்.

மாணவ ஆலோசகர் வேறு, இவர் வேறு. பகிடிவதை, விடுதி, மனக்கஷ்டம் என்றால் மாணவ ஆலோசகரிடம் போக வேண்டும். பாடம், புள்ளி, பட்டம் என்றால் இவரிடம்.

இவரால் என்ன பயன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்ந்த 50 மணித்தியால உழைப்புத்தான் ஒரு கிரெடிட். சிறப்புப் பட்டம் படிக்கும் ஒருவர் முதல் வருடத்தின் 30 கிரெடிட்டில் 2.50 சராசரி எடுக்கிறார் என்று வைப்போம். "பாஸ்தானே, பரவாயில்ல" என்று இருந்துவிடுகிறார். நான்கு வருடத்தையும் சம நிறையில் கணக்கிடும் பீடமென்றால், இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 3.30ஐ எட்ட, மிச்சமுள்ள 90 கிரெடிட்டில் அவருக்கு 3.57 சராசரி வேண்டும். கஷ்டம்தான், ஆனாலும் முடியும். இரண்டாம் வருடமும் அதே 2.50 என்றால் மிச்ச 60 கிரெடிட்டில் 4.10 தேவை. எடுக்கக்கூடிய உச்சமே 4.00. அதற்குப் பிறகு எவ்வளவு படித்தாலும் அந்த வகுப்பு கிடைக்காது.

இந்தக் கணக்கை முதல் வருட முடிவிலேயே காட்டித் தருவதுதான் ஆலோசகரின் வேலை. நம் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் போகிறவர்கள். வாப்பாவிடமோ உம்மாவிடமோ இதைக் கேட்க முடியாது. சீனியர் நானா சொன்னதே சட்டமாகிவிடுகிறது. ஆனால் பீடத்தின் விதிகள் பெட்ச்சுக்குப் பெட்ச் மாறலாம். வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடாத பீடங்கள் உண்டு. சுகமில்லாமல் பரீட்சைக்குப் போகாதவர் உரிய நாளுக்குள் மெடிக்கல் கொடுக்காவிட்டால், திரும்ப எழுதும்போது எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சீ' தரத்துக்கு மேல் தராத பீடங்களும் உண்டு. இவையெல்லாம் பீடக் கையேட்டில் இருக்கும். அதைத் தன் நிலைமைக்குப் பொருத்திப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

"சேரிடம் போனா ஏசுவார்" என்ற பயத்தில் பலர் போவதேயில்லை. போகிறவர்களும் பெயிலான பிறகே போகிறார்கள். ஒரு விரிவுரையாளருக்குப் பல மாணவர் பொறுப்பு, அவராகத் தேடி வருவார் என்று காத்திருக்க முடியாது. முதல் செமஸ்டர் பெறுபேறு வந்த வாரமே பெறுபேற்றுத் தாளையும் கையேட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று: என் சராசரி எங்கே நிற்கிறது? நான் விரும்பும் சிறப்புக் கற்கைக்கு எவ்வளவு வேண்டும்? எந்தப் பாடத்தில் உடனே உதவி தேட வேண்டும்?

தீர்மானம் மாணவருடையதுதான். நேரம் இருக்கும்போதே அதை எடுக்க வைப்பதில்தான் ஆலோசனையின் பலன் இருக்கிறது.