கூடைக்குஞ்சும் கூவும் சேவலும்



தெருவில் கூடைக்காரரைக் கண்டதும் உங்கள் பிள்ளைகளும் ஓடியிருப்பார்கள். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு எனச் சாயம் தோய்ந்த கோழிக்குஞ்சுகள் கூடை நிறையக் கீச்சிடும். கோரிமேட்டில் எங்கள் வாசலுக்கும் ஒருநாள் அக்கூடை வந்தது. இளைய மகளின் அழுகைக்காக ஐந்து குஞ்சுகள் வாங்கினேன். "அத்தா, இவை பெரிதானால் நாம் கடையில் முட்டையே வாங்க வேண்டாம்!" என்று அவள் கணக்குப் போட்டாள்.

மூன்றாம் நாள் இரவில் இரண்டு குஞ்சுகள் மடிந்தன. எஞ்சிய மூன்றின் சாயம் உதிர்ந்து வெண்சிறகு முளைத்தது. ஆறாம் வாரம் கொண்டை சிவந்தது. மூன்றாம் மாதம் மூன்றும் போட்டியிட்டுக் கூவின!

இது தற்செயலன்று. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவல்தான். முட்டைக்கோழி வளர்ப்போருக்குப் பெட்டை மட்டுமே தேவை. ஆகவே பொரிப்பகங்களில் பிறந்த அன்றே குஞ்சுகளைப் பால் பிரித்துவிடுகிறார்கள். சிறகின் நீளத்தைப் பார்ப்பது ஒரு முறை. கழிவாயைப் பிதுக்கிப் பார்ப்பது 1920களில் ஜப்பானியர் கண்டறிந்த மற்றொரு முறை. ஒதுக்கப்பட்ட சேவற்குஞ்சு முட்டையும் இடாது. பிராய்லரைப் போல விரைவில் சதையும் போடாது. எனவே பல நாடுகளில் அன்றே கொன்றுவிடும் வழக்கம் வேரூன்றியது. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் அதற்குத் தடை விதித்தது. பிரான்சும் அவ்வழியே சென்றது. நம் நாட்டிலோ அவற்றில் ஒரு பகுதி சாயம் பூசப்பட்டுச் சொற்ப விலைக்குத் தெருவுக்கு வருகிறது. யாருக்கும் வேண்டாத உயிரைத்தான் நாம் பிள்ளையின் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கிறோம்.

அந்த இரண்டும் மடிந்தது எங்கள் அறியாமையால். தாயற்ற குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரந்தோறும் மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தால் போதும். குஞ்சுகள் விளக்கடியில் நெருங்கிக் குவிந்தால் குளிர்கிறது. விலகி ஓடி வாய் பிளந்தால் சூடு மிகுதி. அதை அறிய வெப்பமானிகூட வேண்டியதில்லை.

முட்டை ஆசை மகளை விடவில்லை. வில்லியனூரிலிருந்த உறவினர் ஓர் அடைக்கோழியையும் பதினொரு முட்டைகளையும் தந்தார். ஏழாம் நாள் இரவு டார்ச் ஒளியில் பார்த்தபோது ஒன்பதில் செந்நிற நரம்புகள் தெரிந்தன; இரண்டு கூமுட்டை. இருபத்தொன்றாம் நாள் ஒன்பதும் பொரிந்தன. தாய்க்கோழி இருந்ததால் பல்பும் வேண்டியிருக்கவில்லை, பெட்டியும் வேண்டியிருக்கவில்லை. பஞ்சாரம் ஒன்றே போதுமானதாயிற்று. அதுவும் காக்கைக்கும் கீரிக்கும் அஞ்சி. முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவமனையில் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணில் இட்டு வந்தோம். எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. இதைத் தவறவிட்டவர்களின் கொல்லை ஒரே வாரத்தில் வெறிச்சோடியதை நான் கண்டிருக்கிறேன்.

வளர்ந்து பார்த்தால் ஒன்பதில் ஐந்து சேவல்! கூர்முனை முட்டையில் சேவல் பிறக்கும் என்று என் அம்மா சொல்வார்கள். அது உண்மையன்று. கோழியினத்தில் பாலைத் தீர்மானிப்பது தாயின் கரு, முட்டையின் வடிவமன்று. வெள்ளையரையும் சேர்த்து எட்டுச் சேவல்கள், தாயோடு ஐந்து பெட்டைகள். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகள் இருப்பதே முறை. எங்கள் பெட்டைகளின் முதுகில் இறகே மிஞ்சவில்லை.

அண்டை வீட்டுச் சகோதரி ஜிப்மரில் இரவுப் பணி செய்பவர். பகலில் உறங்க வேண்டியவர். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, எனக்குத்தான் வெட்கமாயிருந்தது. சுபுஹுக்கு எழுப்புவதால் சேவலை ஏசலாகாது என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி உண்டு என்பதை மாணவர்களுக்குக் கற்பிப்பவன் நான். ஆனால் அண்டை வீட்டாரின் உரிமையையும் நான்தானே கற்பிக்கிறேன்? சேவலுக்குள் ஒரு கடிகாரம் உண்டென்றும், வெளிச்சம் இல்லாமலே விடியல் நெருங்குவதை உணர்ந்து கூவுகிறதென்றும் 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். அந்தக் கடிகாரத்தை நாம் நிறுத்த முடியாது. எண்ணிக்கையைத்தான் குறைக்க முடியும்.

பொங்கலுக்கு முன் ஒருவர் வந்தார். நாட்டுச் சேவல்களில் செங்கழுத்தன் ஒருவனைக் கையில் தூக்கி, காலைத் தடவி, கறி விலையைப் போல் ஆறு மடங்கு சொன்னார். எதற்கென்று விளங்கிவிட்டது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நினைவுக்கு வந்ததை மறைக்கமாட்டேன். ஆனால் பிராணிகளை மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவுண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் அது குற்றம். காலில் கத்தி கட்டப்படும் என்று தெரிந்தபின் விற்றால், "எனக்குத் தெரியாது" என்று நான் யாரிடம் சொல்வேன்? இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வந்தவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஆறு சேவல்களை ஒவ்வொன்றாக பிஸ்மில்லாஹ் கூறி அறுத்து, அண்டை அயலாருக்கும் பங்கிட்டோம். முதல் நாள் மகள் சாப்பிடவில்லை; வற்புறுத்தவில்லை. ஒன்றைத் தெரிந்த வீட்டாரிடம் இரண்டு விடைக்கோழிகளுக்கு மாற்றிக்கொண்டோம். சொந்த மகள்களோடு ஒரே சேவலை ஆண்டுக்கணக்கில் விட்டால் வம்சம் நலியும். ஆகவே செங்கழுத்தனையும் அடுத்த ஆண்டு இன்ஷா அல்லாஹ் மாற்றியாக வேண்டும். இரவில் கூட்டைச் சாக்கால் மூடுவதால் அவன் குரல் சகோதரியின் சன்னலை அவ்வளவாக எட்டுவதில்லை.

இப்போது தாய்க்கோழி மீண்டும் பத்து முட்டைகளின் மேல் அடையிலிருக்கிறது. இன்று பன்னிரண்டாம் நாள். எத்தனை சேவல் என்று மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.